தூக்கம் வந்தவனுக்கு இடமில்லை

வியாழக்கிழமை பகல் இரண்டு மணிக்குச் சபை மூப்பர் கிர்பி வந்தார். பெத்தியா அடுப்பருகே சோளம் இடித்துக்கொண்டிருந்தாள். அவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"தேவன் உன் வீட்டுல ஒரு காரியம் செஞ்சிருக்கார், பெத்தியா."

"என்ன நடந்துச்சுன்னு சொல்லுங்க."

"அவர் கை கனமானதுதான். ஆனா அதுக்குள்ள இரக்கமும் இருக்கு."

"மூப்பரே, என் வீட்டுக்காரர் எங்க?"

அதற்குப் பிறகுதான் சொன்னார். விறகு ஏற்றிய சறுக்குவண்டியோடு உறைந்த ஆற்றைக் கடக்கும்போது பனி உடைந்துவிட்டது. மாட்டைக் காப்பாற்றிவிட்டார்கள். அவள் கணவன் ஜேபெஸைக் கழி போட்டுத் தேடி எடுக்க ஒரு மணி நேரம் ஆயிற்று. உலக்கையைக் கீழே வைக்காமல் கேட்டுக்கொண்டிருந்த பெத்தியாவுக்கு அழுகை வரவில்லை. செத்தவன் பெயரைச் சொல்வதற்கு முன் இந்த மனிதர் தேவனைச் சொல்லிச் சுற்றி வளைத்தாரே என்ற கோபம்தான் வந்தது.

ஜேபெஸ் ஹார்லோ பதினெட்டு வயதில் கடல் தாண்டி இந்தப் புதுக் குடியேற்றத்துக்குக் கப்பலேறி வந்தவன். ஏழு வருடம் பீப்பாய் செய்பவர் ஒருவரிடம் ஒப்பந்த வேலை பார்த்தான். பிறகு ஆற்றோரம் கொஞ்சம் நிலம், இரண்டு மாடு, பெத்தியா. எங்கள் ஊர்ச் சபைக்கூடத்துக்கு மணி கிடையாது. ஓய்வுநாள் காலையில் முரசடித்து ஊரை அழைப்பது அவன் பொறுப்பு. பதினோரு வருடம், முழங்கால் புதையும் பனியிலும், இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை அடித்துக்கொண்டு நடந்தான். எல்லோரும் உள்ளே போன பிறகு கடைசிப் பலகையில் உட்காருவான். ஆண்டவரின் நினைவாகச் சபையார் மட்டும் உண்ணும் இராப்போஜனத்துக்கு அப்பம் எடுக்கும் வேளை வந்தால், சபையில் சேராத மற்றவர்களோடு எழுந்து வெளியே போய்விடுவான்.

"ஊரையே விருந்துக்குக் கூப்பிடுற, உனக்கு மட்டும் இலை போட மாட்டேங்கறாங்களே" என்று பக்கத்து வீட்டு ஏபெல் சீண்டுவான்.

"கூப்பிடுறவனும் உள்ள வந்துட்டா அப்பம் பத்தாதுடா" என்பான் ஜேபெஸ்.

சபையில் சேர வேண்டுமானால் சாட்சி சொல்ல வேண்டும். கிருபை தன் இருதயத்தில் எப்போது, எப்படி வேலை செய்தது என்று மூப்பர்கள் முன்னும் பிறகு சபை முன்னும் எடுத்துச் சொல்ல வேண்டும். தாய் தகப்பனில் ஒருவராவது அப்படிச் சேர்ந்திருந்தால்தான் பிள்ளைக்கு ஞானஸ்நானம். அவர்களுடைய முதல் மகன் ஞானஸ்நானம் இல்லாமலே நாற்பதாம் நாள் இறந்தான். அவன் எங்கே போனான் என்று பெத்தியா போதகர் ஸ்டோக்வெல்லிடம் கேட்டாள். "அது நமக்குச் சொல்லப்படலம்மா" என்றார் அவர்.

அதனால் மகள் ஹல்டா பிறந்ததும் பெத்தியா புருஷனை நச்சரிக்க ஆரம்பித்தாள்.

"ஏதாவது சொல்லுங்களேன். ஏபெல் சொன்னதையே கொஞ்சம் மாத்திச் சொல்லுங்க."

"அவன் சொன்னது அவங்க அண்ணன் சொன்னது. அண்ணன் சொன்னது போதகர் பிரசங்கத்துல சொன்னது. திரும்பவும் அதையே கேட்டா அவருக்கே கொட்டாவி வரும்."

"பிள்ளைக்காகங்க."

"பிள்ளைக்காகப் போறேன். பொய் சொல்ல மட்டும் கேக்காத."

போனான். மூப்பர் கிர்பி கேட்டார்: "உன் பாவத்தை நெனச்சு ராத்திரி தூக்கமில்லாம கிடந்திருக்கியா?"

"இல்ல மூப்பரே. பகல் பூரா மரம் வெட்டுறேன். படுத்தா தூங்கிடுவேன்."

"நரகத்தை நெனச்சுப் பயமில்லையா?"

"பயப்பட வேண்டியதுதான். ஆனா அவர் பாத்துப்பாருன்னு விட்டுட்டேன்."

அங்கே யாரும் சிரிக்கவில்லை. எனக்கு மீட்பு உண்டோ இல்லையோ என்று கதறுகிறவன் மீட்புக்கு அருகில் நிற்கிறான், நிம்மதியாக இருக்கிறவன் தன்னையே ஏமாற்றிக்கொள்கிறான் என்பது எங்கள் மூப்பர்களின் அளவுகோல். இவன் நெஞ்சு இன்னும் உடையவில்லை, உடைந்த பிறகு வரட்டும் என்று அனுப்பிவிட்டார்கள். உண்மையில் இரவெல்லாம் கூரையைப் பார்த்தபடி பயந்து கிடந்தவள் பெத்தியா. போய் நின்றிருந்தால் அவளை அன்றே சேர்த்திருப்பார்கள். ஆனால் அவன் வெளியே குளிரில் நிற்க, தான் மட்டும் உள்ளே உட்கார்ந்து அப்பம் தின்ன அவளுக்கு மனம் வரவில்லை.

வெள்ளிக்கிழமை அடக்கம் செய்தார்கள். எங்கள் வழக்கப்படி ஜெபமில்லை, பாட்டில்லை, ஒரு வார்த்தையும் இல்லை. அது யாருக்கும் அப்படித்தான். அதில் அவளுக்குக் குறையில்லை. ஓய்வுநாளில்தான் போதகர் வாயைத் திறந்தார். அசட்டையாகத் தூங்குகிறவனின் காலடியில் பனி எத்தனை மெல்லியது என்று ஒன்றரை மணி நேரம் பேசினார். பெயர் சொல்லவில்லை. கூடத்திலிருந்த தலைகளெல்லாம் பெண்கள் பக்கம் திரும்பின. பெத்தியா தலையைக் குனியவில்லை. திரும்பிய ஒவ்வொரு முகத்தையும் அது வேறுபக்கம் திரும்பும்வரை பார்த்தாள்.

செவ்வாய்க்கிழமை ஹல்டாவுக்கு மூச்சு இரைக்கத் தொடங்கியது. முதல் மகனுக்கும் இப்படித்தான் தொடங்கியிருந்தது. பெத்தியா குழந்தையைக் கம்பளியில் சுற்றிக்கொண்டு போதகர் வீட்டுக்கு நடந்தாள். சாட்சி சொல்ல வந்திருப்பதாகச் சொன்னாள். சபையில் பெண்கள் வாய் திறப்பதில்லை. அவள் சொல்லச் சொல்ல அவர் எழுதிக்கொள்வார், சபையில் அவரே வாசிப்பார்.

பாவத்தில் பிறந்ததைச் சொன்னாள். தூங்காத இரவுகளைச் சொன்னாள். போதகர் தலையாட்டிக்கொண்டே மூன்று வரி எழுதினார்.

"அப்புறம் இந்த அடி. இது உன்னை உடைச்சுது, இல்லையாம்மா?"

"உடைச்சுது."

"அவனை ஏன் எடுத்தார்?"

"பனி மெலிசா இருந்துச்சு."

"பெத்தியா." அவர் குரல் கனிவாகவே இருந்தது. "உன் ஆத்துமாவை எழுப்பத்தான் அவனை எடுத்தார். அதை மட்டும் நீ சொல்லு. மூப்பர்கள் வேற எதுவும் கேக்க மாட்டாங்க. வர்ற ஓய்வுநாளே பிள்ளைக்கு ஞானஸ்நானம்." சொல்லிக்கொண்டே எழுத ஆரம்பித்தார்.

அவள் குழந்தையின் நெஞ்சு ஏறி இறங்குவதைப் பார்த்தாள்.

"அவர் செத்தது என் நல்லதுக்குன்னு சொல்லணும்."

"உன் நித்திய நன்மைக்கு."

"அவர் பொய் சொல்ல மாட்டேன்னதாலதானே வெளிய நிறுத்துனீங்க? இப்ப அவர் பொணத்து மேல நின்னு என்னைப் பொய் சொல்லச் சொல்றீங்க."

"இது பொய்யில்லம்மா, விசுவாசம்."

"பதினோரு வருஷம் ஐயா. ஒரு நாளாவது அவர் முரசு பிந்தியிருக்கா?"

போதகர் இறகுப் பேனாவை மறுபடி மையில் தோய்த்தார்.

"அவரை எடுத்தவர்கிட்ட நான் பேசிக்கறேன். நடுவுல நீங்க எழுத வேண்டாம். என் பிள்ளை இன்னைக்கே போனாலும் போகட்டும். அவ அப்பா எங்க இருக்காரோ அங்க போகட்டும்."

போதகர் வீட்டில் அதுவரை யாரும் கதவை அப்படிச் சாத்தியதில்லை.

ஹல்டா பிழைத்துக்கொண்டாள். ஞானஸ்நானம் இல்லாமலே வளர்ந்தாள். போதகர் அந்தத் தாளைக் கிழிக்கவுமில்லை, முடிக்கவுமில்லை. அதில் நான்கு வரிகள் இருக்கின்றன. நான்காவது வரி, 'என் கணவரை ஆண்டவர் எடுத்துக்கொண்டது' என்பதோடு நிற்கிறது.