ஆம்பூரில் வந்து நின்ற தம்பி

1927 பிப்ரவரி 9, புதன்கிழமை, காலை 7.20. லேசான பனி.

பினாங்கிலிருந்து வந்த நண்பர் பொன்னுசாமியும் நானும் ஆம்பூர் ரயில் நிலையத்தில் நிற்கிறோம். முப்பத்தொரு வருடம் அவரைப் பிரிந்திருந்த தம்பி தான்தான் என்று ஒருவன் வருகிறான். எங்கள் மூன்று பெட்டிகளையும் இருமுறை பார்க்கிறான்.

"நீதான் இவர் தம்பி என்பதற்கு அடையாளம் என்ன?" என்கிறேன்.

"இன்னா சாமி, போலீசா நீங்க?" என்றவன் சட்டென்று குனிந்து, இடுப்புக் கத்தியால் என் புதுச் செருப்பின் ஓரத்தை அறுத்துப் பார்க்கிறான். "நடுவுல வெள்ளையா கீது. தோலைப் பதப்படுத்துற பட்டைச் சாறு உள்ள ஏறவே இல்ல. நல்லா ஏமாந்துட்டீங்க!"

பொன்னுசாமி அழுகிறார். "தோல் ஷாப்புல எங்க நைனாவும் அறுத்துப் பாக்காம எதையும் நம்ப மாட்டாரு. டேய் சின்னா, நீயேதான்டா!"

இருவரும் கட்டிக்கொள்கிறார்கள். நானும் நம்பிவிட்டேன். அதற்கான செலவு, ஒரு ஜோடி செருப்பு: ஒரு ரூபாய் ஆறணா.