பின்மூடியைக் கேட்காதே, போர்டைக் கேள்

1. பதினொன்றே கால்

ஆரோக்கியசாமியின் போன் என் மேசைமேல் செத்துப்போனபோது வெள்ளிக்கிழமை காலை மணி பதினொன்றே கால். பவர் பட்டனைப் பத்து விநாடி அழுத்தினேன், பிறகு முப்பது, பிறகு அறுபது. சார்ஜரில் போட்டேன். கம்ப்யூட்டரில் சொருகினேன். அப்படி ஒரு பொருள் சொருகப்பட்டதாகவே கம்ப்யூட்டர் காட்டிக்கொள்ளவில்லை. பத்து நிமிடம் முன்புவரை நன்றாக இருந்த போன் அது. கொன்றது நான்.

திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துச் சந்தில் பத்தொன்பது வருடமாக மொபைல் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். அதற்கு முன் பதினாறு வருடம் டி.வி. மெக்கானிக். படித்தது பி.எஸ்சி. இயற்பியல். போனின் ஃபர்ம்வேரை, அதாவது அதை இயக்கும் அடிப்படை மென்பொருளை, தானே மாற்றிப் பார்க்க ஆசைப்பட்டுப் பயத்தில் தள்ளிப்போடுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். பயமுறுத்த ஊரில் ஆள் நிறைய இருக்கிறார்கள். அதனால் நான் செய்ததிலேயே மட்டமான வேலையைச் சொல்கிறேன். படித்து முடித்த பிறகும் செய்யுங்கள் என்றுதான் சொல்வேன்.

2. முடிந்துபோன மாடல்

ஆரோக்கியசாமி தையல்காரர். என் கடையிலிருந்து நூற்று நாற்பது தப்படி தூரத்தில் அவர் கடை. சர்ச் பாடகர் குழுவில் முப்பத்தொரு வருடமாகக் கீழ்க்குரல் பாடுகிறவர். இரண்டு வருடமாகக் காது மந்தம். மகள் இரண்டு காதுக்கும் மெஷின் வாங்கிக் கொடுத்தாள். மதுரை கிளினிக்கின் அமைதியான அறையில் நன்றாகக் கேட்ட மெஷின், சர்ச்சில் ஆர்கன் தொடங்கியதும் விசில் அடித்தது. ஆர்கனை கிளினிக்குக்குத் தூக்கிப் போக முடியாது. இருக்கும் இடத்தில் வைத்தே மெஷினைச் சரிசெய்ய ஒரு ஆப் உண்டு. அந்த ஆப், அவருடைய போனில் இருந்த பழைய ஆண்ட்ராய்டில் ஏறவில்லை.

கம்பெனி சர்வீஸ் சென்டருக்கு நானும் கூடப் போனேன். கவுண்டரில் இருந்த பெண் போனைக் கையில்கூட வாங்கவில்லை.

"இந்த மாடலுக்கு அப்டேட் முடிஞ்சிருச்சு சார். புதுசு வாங்கிக்கங்க."

போனில் கீறல் இல்லை. பேட்டரி ஒன்றரை நாள் நிற்கிறது. இருந்தும் முடிந்துவிட்டதாம். வெளியே வந்ததும் ஆரோக்கியசாமி சொன்னார்: "மெஷினுக்கே மக கையில இருந்தத எல்லாம் எடுத்துருச்சு. போனும் வாங்கிக் குடுன்னு கேக்க மாட்டேன். ஆனா இந்த வாரம் விட்டு அடுத்த ஞாயித்துக்கெழமையும் சுதி விலகுச்சுன்னா, கீழ உக்காந்து கேளுங்கன்னு பாட்டு மாஸ்டர் சொல்லிட்டாரு."

முப்பத்தொரு வருடம் நின்று பாடிய மனிதர் உட்கார்ந்து கேட்பதா? கம்பெனி கைவிட்ட போனுக்கும் புது ஆண்ட்ராய்டை எழுதி, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று வெளியிடுகிற ஆட்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். அதற்குக் கஸ்டம் ரோம் என்று பெயர். ஏற்றிவிடுகிறேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

3. நூற்று அறுபத்தெட்டு மணி நேரம்

செட்டிங்கில் பில்ட் நம்பர் என்ற வரியை ஏழு தடவை தட்டினால் டெவலப்பர் ஆப்ஷன் திறக்கும். அதிலே பூட்லோடரைத் திறக்க அனுமதி கேட்க வேண்டும். பூட்லோடர் என்பது போனின் வாசற்பூட்டு; பட்டனை அழுத்தியதும் போனை எழுப்புவதும் அதுதான். இந்தக் கம்பெனி நூற்று அறுபத்தெட்டு மணி நேரம் காத்திரு என்றது. ஏழு நாள். நம் பொருளின் பூட்டைத் திறக்க நமக்கே ஏழு நாள் தவணை.

பூட்டைத் திறந்தால் உள்ளே இருப்பது மொத்தமும் அழியும். ஆகவே படங்கள், நம்பர்கள், ரவிக்கை அளவு எழுதிய நோட்டுப் பக்கங்களின் போட்டோக்கள் எல்லாவற்றையும் மூன்று நகல் எடுத்தேன். கம்ப்யூட்டரில் ஒன்று, பென்டிரைவில் ஒன்று, மெமரி கார்டில் ஒன்று. ஆரோக்கியசாமி தினமும் வந்து எத்தனை மணி நேரம் பாக்கி என்று கேட்டுப் போவார். காது மெஷினைச் சட்டைப்பையில் வைத்திருப்பார், கடைவீதி இரைச்சலில் அது விசில் அடிக்கிறதென்று. ஆகவே நான் தினமும் கத்த வேண்டியிருந்தது.

வெள்ளிக்கிழமை காலை பூட்டு திறந்தது. புது ரெக்கவரியை ஏற்றினேன். ரோம் ஏற்றுவதற்கான சிறு மென்பொருள் அது. ரோமைக் கொடுத்தேன். சிவப்பு எழுத்தில் எர்ரர் 7 வந்தது. அதன் அர்த்தம், இந்த ரோம் இந்தப் போர்டுக்கு, அதாவது போனுக்குள் இருக்கும் சர்க்யூட் பலகைக்கு, உரியது இல்லை என்பதுதான்.

போனைத் திருப்பிப் பார்த்தேன். பின்மூடியில் மாடல் எண் பளிச்சென்று இருந்தது. நான் இறக்கிய ரோமும் அதே எண்ணுக்கு உரியதுதான். இரண்டு தடவை சரிபார்த்தேன். அப்படியானால் ரெக்கவரிதான் உளறுகிறது என்று முடிவு கட்டினேன். ரோம் பொட்டலத்துக்குள் போர்டைச் சோதிக்கும் வரி ஒன்று இருக்கும். அதை நீக்கிவிட்டால் கேள்வி கேட்காமல் ஏறும். நீக்கினேன். ஏறியது. அந்தப் பொட்டலத்துக்குள் பூட்லோடரும் சேர்ந்தே இருந்தது. போன் மறுபடி எழும்பவில்லை.

4. கத்திச் சொன்ன செய்தி

பன்னிரண்டு மணிக்கு ஆரோக்கியசாமி வந்தார். நடந்ததை மெல்லிய குரலில் சொல்ல வழி இல்லை.

"செத்துப்போச்சு" என்றேன்.

"ஆ?"

"செத்துப்போச்சு!"

"யாரு?"

பக்கத்துப் பழக்கடைக்காரர் துண்டை உதறிக்கொண்டு எட்டிப் பார்த்தார். சந்தில் போன இரண்டு பேர் நின்றார்கள். நான்கு பேர் முன்னால், போனைக் கெடுத்துவிட்டேன் என்று தொண்டை கிழியச் சொன்னேன். பத்தொன்பது வருடத்தில் அப்படி ஒரு அவமானம் எனக்கு நேர்ந்ததில்லை.

ஆரோக்கியசாமி ஸ்டூலில் உட்கார்ந்தார். சட்டைப்பையிலிருந்து மெஷினை எடுத்துக் காதில் மாட்டிக்கொண்டார். "தானாச் செத்துச்சா, நீங்க கொன்னீங்களா?"

"நான்தான்."

"அப்ப நீங்கதான் எழுப்பணும். நாளைக்குச் சாயந்தரம் ஆறு மணிக்குப் பாட்டு ப்ராக்டிஸ்." எழுந்து போய்விட்டார். திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

பேகம்பூரில் ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்திருக்கும் காதர் பாயைப் போனில் பிடித்தேன். இருபது வருடப் பழக்கம். "போர்டு போயிருச்சுண்ணே. வேற போர்டு போட்டு விட்டுருங்க. இந்த வயசுல உங்களுக்கு எதுக்கு இந்த ரோம் வேலையெல்லாம்?" என்றார். வயதைப் பற்றிப் பேசாமல் இருந்திருந்தால் ஒருவேளை கேட்டிருப்பேன்.

5. என் கையெழுத்து

சனிக்கிழமை காலை போனைத் திறந்தேன். பின்மூடியைக் கழற்றி மல்லாத்தி வைத்தபோது, அதன் உட்புறத்தில் நீல மார்க்கரில் ஒரு எண் இருந்தது. நான் மாட்டும் ஒவ்வொரு பாகத்திலும் வரிசை எண் எழுதுவேன், பிற்பாடு தகராறு வராமல் இருக்க. ஏழின் நடுவில் குறுக்குக் கோடு போடுகிறவன் இந்தச் சந்தில் நான் ஒருவன்தான்.

நோட்டைப் புரட்டினேன். போன் கீழே விழுந்து மூடி உடைந்ததென்று அவர் கொண்டுவந்ததும், பாயிடமிருந்து மூடி வாங்கி நானே மாட்டியதும் எழுதியிருந்தது. இந்தப் போன் இரண்டு விதமாக வந்தது. வெளியே ஒரே அளவு, ஒரே துளைகள். உள்ளே வேறு வேறு போர்டு. நான் மாட்டியது மற்ற வகையின் மூடி. ரெக்கவரி உளறவில்லை. நான் மாட்டிய மூடியை நானே சாட்சியாகக் கூப்பிட்டு, உண்மை சொன்ன போர்டின் வாயை அடைத்திருக்கிறேன்.

இப்படிச் செத்த போனை எழுப்ப ஒரு வழி உண்டு. போர்டில் குண்டூசித் தலை அளவில் இரண்டு செப்புப் புள்ளிகள் இருக்கும். டெஸ்ட் பாயின்ட் என்பார்கள். பேட்டரி ஒயரைக் கழற்றிவிட்டு, அந்த இரண்டையும் ட்வீசர் இடுக்கியால் தொட்டபடியே கேபிளைச் சொருகினால், பூட்லோடர் கெட்டிருந்தாலும் சிப் கம்ப்யூட்டரோடு பேசும். முதல் முயற்சியில் ட்வீசர் முனை புள்ளியில் படவில்லை. இரண்டாவதில் ட்வீசர் வழுக்கியது. மூன்றாவதில் பேசியது, ஆனால் பாதியில் அறுந்தது. கேபிளை மாற்றினேன். நான்காவதில் சரியான போர்டுக்கான கம்பெனி ஃபர்ம்வேர் முழுசாக ஏறியது. பேட்டரியை மாட்டி பட்டனை அழுத்தினேன். பதினான்கு விநாடியில் திரையில் கம்பெனிப் பெயர் வந்தது. மாடல் முடிந்துவிட்டது என்று சொன்ன அதே கம்பெனி.

பூட்டு திறந்தபடியே இருந்தது; ரெக்கவரியை மறுபடி ஏற்றிச் சரியான ரோமைக் கொடுத்தேன். எர்ரர் எதுவும் வரவில்லை. மூன்று நகலில் ஒன்றை உள்ளே திருப்பி வைத்தேன். ஆப்பும் ஏறியது. சாயங்காலம் ஐந்தே காலுக்குப் போனை நானே கொண்டுபோய்க் கொடுத்தேன், அதே நூற்று நாற்பது தப்படி. செத்ததற்குக் காரணம் நான் மாட்டிய மூடி என்பதையும் சொன்னேன். தையல் மெஷினில் இருந்து தலையைத் தூக்காமல், "மூடி நல்லாத்தான்யா இருக்கு" என்றார்.

6. ஞாயிற்றுக்கிழமை

ஒன்பதே முக்காலுக்கு அவரிடமிருந்து அழைப்பு வந்தது. வழக்கம்போல, "என்ன ஆச்சு? சுதி நின்னுச்சா?" என்று கத்தினேன்.

"ஏன்யா கத்துறீங்க? கோயில் வாசல்ல நிக்கிறேன். செத்த மெதுவாப் பேசுங்க."

அவரே சொன்னார், அடுத்த வாரத்துக்கான பாட்டுப் புத்தகத்தை மாஸ்டரே இவர் கையில் கொடுத்துவிட்டாராம்.

இனி உங்களுக்கு. எர்ரர் வந்தால் திட்டாதீர்கள், படியுங்கள். பின்மூடி, அட்டைப்பெட்டி, விற்றவர் வாய்ச்சொல் எதையும் நம்பாதீர்கள். போனைக் கம்ப்யூட்டரில் சொருகி, பூட்லோடரோடு நேராகப் பேசும் ஃபாஸ்ட்பூட் நிலையில் ப்ராடக்ட் பெயரைக் கேளுங்கள், போர்டே தன் பெயரைச் சொல்லும். சோதனை வரியை ஒருபோதும் நீக்காதீர்கள். மூன்று நகல் எடுங்கள். பேட்டரி அறுபது சதவீதத்துக்குக் கீழே இருந்தால் தொடாதீர்கள். சில பேங்க் ஆப்கள் கஸ்டம் ரோமில் முரண்டு பிடிக்கும். அதனால் தினம் கையில் வைத்திருக்கும் போனில் ஆரம்பிக்க வேண்டாம்.

மற்றபடி பயப்பட ஒன்றும் இல்லை. எனக்கு அறுபத்தேழு வயது, கை நடுங்கும், நாலு பேர் முன்னால் தோற்றும் இருக்கிறேன். இன்றும் காலையில் ஒரு போனின் பூட்டைத் திறக்க மனு போட்டுவிட்டுத்தான் எழுத உட்கார்ந்தேன். உங்கள் பொருளின் ஆயுள் முடிந்ததென்று கவுண்டரில் ஒருவர் சொன்னால், அதைக் கேட்டுக்கொண்டு வீட்டுக்கு வாருங்கள். அலமாரியில் கிடக்கும் பழைய போனை எடுத்து சார்ஜில் போடுங்கள். பில்ட் நம்பரைத் தேடிப் பிடியுங்கள்.

ஏழு தடவை. எண்ணித் தட்டுங்கள்.