கொசுறாக வந்த வைரஸ்

ஃபிளாப்பியை நம்பிக் கடை நடத்தியவனுக்கு ரத்தக்கொதிப்பு தனியாக வர வேண்டியதில்லை, கஸ்டமரே கையோடு கொண்டுவந்து கொடுத்துவிடுவார். எண்பதுகளின் கடைசியில் அரூரில் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருந்தேன். ஒரே மிஷின். மாஸ்டர் ஃபிளாப்பியைச் செருகினால்தான் கண்ணே திறக்கும். அது கெட்டால் ஷட்டரை இழுத்துவிட்டு வூட்டுக்குப் போக வேண்டியதுதான். அதனால் ஃபிளாப்பி ஓரத்திலுள்ள வெட்டின் மேல் கறுப்பு ஸ்டிக்கர் ஒட்டியிருந்தேன். ஒட்டிவிட்டால் உள்ளே எதுவும் ஏறாது, வைரஸும்தான். இந்தத் தொழிலில் வெந்தவர்களுக்கு என் வயிற்றெரிச்சல் புரியும்.

செருப்பு

பாப்பிரெட்டிப்பட்டி வாத்தியார் ஒருவர் கேள்வித்தாள் அச்சடிக்க ஃபிளாப்பியோடு வந்தார். பெங்களூரில் வாங்கியதாம். கடைக்காரன் கொசுறாக ஒரு கேமும் ஏற்றிக் கொடுத்தானாம். நான் பிரிண்டருக்கு ரிப்பன் மாட்டித் திரும்புவதற்குள், மனுஷன் அதைச் செருகி மிஷினையே கிளப்பிவிட்டார். திரையில் ஒரு புள்ளி பந்து மாதிரி மூலைக்கு மூலை மோதியது. வைரஸ்!

"என்னத்தய்யா கொண்டாந்து வுட்டீங்க?" என்று கத்தினேன். தூசுக்குப் பயந்து வாசலில் நான் மாட்டிய போர்டைக் காட்டினார். "செருப்பக் கழட்டிட்டுத்தானேங்க உள்ள வந்தேன், அப்புறம் எப்படிங்க வைரஸ் வரும்?"

ஸ்டிக்கர்

மிஷினை அணைத்தால்தான் உள்ளே புகுந்த வைரஸ் போகும். அணைத்துவிட்டு மாஸ்டரைப் போடும்படி ஆபரேட்டர் பானுமதியிடம் சொல்லிவிட்டு, சூடு தணிய டீக்கடைக்குப் போனேன். தணிந்ததா? வாத்தியாரைச் சீக்கிரம் அனுப்பும் அவசரத்தில், அந்தம்மா அணைக்காமலே மாஸ்டரைச் செருகியிருக்கிறார். எழுத முடியவில்லை, மறுபடி முயலட்டுமா என்று திரை கேட்டிருக்கிறது. எழுதப் பார்த்தது வைரஸ். தடுத்தது என் ஸ்டிக்கர். இவர் ஸ்டிக்கரைப் பிய்த்து வழிவிட்டுவிட்டார்!

திரும்பி வந்தால் மேஜையில் ஸ்டிக்கர், திரையில் புள்ளி. நான் போட்ட கூச்சலில் பஸ் ஸ்டாண்டே திரும்பிப் பார்த்தது. பானுமதி அசரவில்லை. "அது மூணு வாட்டி பொறுமையா கேட்டுச்சுங்க சார், நீங்க ஒரு நாளாவது அப்படிக் கேட்டிருக்கீங்களா?"

கொசுறு

மறுநாள் முதல் பஸ்ஸில் சேலம். மிஷின் விற்ற டீலரிடம் புது மாஸ்டர் ஃபிளாப்பிக்கு ஒரு மணி நேரம் மல்லுக்கட்டி விலையைக் குறைத்தேன். வாங்கியதும் அங்கேயே ஸ்டிக்கர் ஒட்டினேன், ஒன்றின் மேல் ஒன்றாக. அவர் சமாதானமாகச் சிரித்து, "இன்னொரு ஃபிளாப்பில நாலு கேம் கொசுறா ஏத்தித் தரேங்க" என்றார். "கொசுறா? கையை எடுய்யா மிஷின்லேர்ந்து!" என்று பாய்ந்தேன்.

டீலர் கல்லாவைப் பிடித்துக்கொண்டு பின்வாங்கினார். "கொசுறு குடுக்கலைன்னு திட்டு வாங்கியிருக்கேங்க, குடுக்கறேன்னு சொல்லித் திட்டு வாங்கறது இன்னைக்குத்தாங்க!"

கறிவேப்பிலைக்குக்கூடக் கொசுறு கேட்டுச் சண்டை போட்ட என்னை, ஓசி என்றாலே நடுங்கவைத்த ஒரே ஆள் அந்தப் புள்ளிதான்.