மீன்கடையில் கேட்ட மாதா பாட்டு

எங்கள் பெரியப்பாவின் மாதா பாட்டை இத்தாலியின் பலெர்மோ நகரத்து மீன்காரர் ஒருவர் திருடிவிட்டார் என்று பத்து வயதில் நான் நம்பினேன். கையும் களவுமாகப் பிடித்தவளும் நான்தான்.

அம்மாவோடு கபோ சந்தைக்குப் போன ஒரு சனிக்கிழமை அது. மீன்காரர் தட்டுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்பீக்கரை வைத்திருந்தார். ஞாயிறுதோறும் தமிழ்ப் பூசையில் நாங்கள் கைகூப்பிப் பாடும் பாட்டின் மெட்டு, ட்ரம்ஸும் ட்ரம்பெட்டுமாக, தலைதெறிக்கும் வேகத்தில் அதிலிருந்து வந்துகொண்டிருந்தது. மீன்காரர் மத்தியை நிறுத்துக்கொண்டே இடுப்பையும் ஆட்டினார்.

"அம்மா, எங்கட மாதா பாட்டு!"

"சத்தம் போடாமல் வா," என்று அம்மா என்னை இழுத்துக்கொண்டு நடந்தார். அன்று மீன் வாங்கவில்லை.

அந்த மெட்டு பெரியப்பாவுக்கு, அதாவது அப்பாவின் அண்ணனுக்கு, ஊரில், மன்னார்ப் பக்கத்து மடுமாதா கோயிலுக்கு நடந்துபோகும்போது காட்டுக்குள் வைத்து அருளப்பட்டது என்பது எங்கள் குடும்பத்துப் புராணம். வேதக்காரக் கத்தோலிக்கக் குடும்பங்களுக்கும் புராணங்கள் உண்டு. பெரியப்பா ஊருக்கு வெளியே சியாகுல்லித் தோட்டங்களில் மண்டரின் ஆரஞ்சு பறிக்கிறவர். வார நாட்களில் வியாழன் பின்னேரம் மட்டும் கித்தாரும் கையுமாகக் கோயிலுக்கு வருவார். லிபெர்த்தா வீதிப் பக்கத்துப் பெரிய வீடுகளில் வேலை செய்யும் எங்கள் பெண்களுக்கு வியாழன் பின்னேரம்தான் ஓய்வு. ஆகவே பாடகர் குழுவின் பயிற்சியும் அப்போதுதான். அம்மாவும் ஏழெட்டு மாமிமாரும் பாடுவார்கள். சின்னக் குரல் வேண்டும் என்று என்னையும் சேர்த்திருந்தார்கள்.

அந்த வருடம் ஒரு பெரிய காரியம் நடந்தது. கோயில் பெருவிழாவின் இத்தாலியப் பூசையில் தமிழர்களும் ஒரு பாட்டுப் பாடட்டும் என்று பங்குச் சுவாமி முதல் தடவையாகக் கேட்டிருந்தார். அதுவரை இத்தாலியர்கள் பூசை முடிந்து போன பிறகுதான் எங்களுக்குக் கோயில் கிடைக்கும். எந்தப் பாட்டு என்பதில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. பெரியப்பாவின் பாட்டுத்தான்.

திங்கட்கிழமை பள்ளிக்கூடத்தில் பக்கத்து இருக்கை இத்தாலியப் பிள்ளையிடம் மெட்டைப் பாடிக்காட்டி, மீன்காரரின் களவைப் பற்றிச் சொன்னேன். அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பள்ளி விட்டதும் தன் வீட்டுக்குக் கூட்டிப்போய்க் கம்ப்யூட்டரில் காட்டினாள். மினுங்கும் கோட்டுப் போட்ட அமெரிக்கக் கறுப்பினப் பாடகர்கள் ஐந்துபேர் வரிசையாக நின்று, வியர்க்க வியர்க்க ஆடிக்கொண்டு பாடினார்கள். அவளுடைய தாய் பிறக்கும் முன்பே வந்த பாட்டாம். இத்தாலியச் சொற்களோடும் ஒன்று உண்டாம். அதற்கு ஆடாத கலியாணம் இந்த ஊரில் இல்லையாம். ஆங்கிலச் சொற்கள் எனக்கு விளங்கவில்லை. மாதாவைப் பற்றியவை அல்ல என்பது மட்டும் நன்றாக விளங்கியது.

மூன்று நாள் இதையே நினைத்துக்கொண்டிருந்தேன். பெருவிழாவில் முதல் அடி பாடியதுமே கோயில் முழுதும் கொல்லென்று சிரிக்கும். பெரியப்பாவைக் கள்ளன் என்பார்கள். இனி எங்களைப் பாடக் கூப்பிடவே மாட்டார்கள். பெரியப்பாவை எனக்கு அவ்வளவு பிடிக்கும். அவரை நான்தான் காப்பாற்ற வேண்டும் என்று முடிவு செய்தேன்.

வியாழக்கிழமை, பாட்டின் நடுவில் நான் வாய்விட்டுக் கத்தினேன்.

"நிப்பாட்டுங்கோ! இது மாதா பாட்டில்லை. டிஸ்கோ பாட்டு. பெரியப்பா செய்தது இல்லை. நான் பார்த்தனான்!"

பாட்டு நின்றது. மாமிமார் பெரியப்பாவைப் பார்க்கவில்லை. ஒருவரை ஒருவரும் பார்க்கவில்லை. பெரியப்பா கித்தாரின் மேல் கையை வைத்து அதன் சத்தத்தை நிறுத்தினார்.

"ஓம் பிள்ளை," என்றார். "அது அவையின்ர பாட்டுத்தான்."

"இவளை ஆர் குழுவில சேர்த்தது?" என்று ஒரு மாமி மெதுவாகக் கேட்டார்.

எனக்கு அது அநியாயமாகப் பட்டது. உண்மையைச் சொன்னதற்கு ஒரு மிட்டாயாவது தந்திருக்கலாம்.

பெருவிழாவில், எல்லோருக்கும் தெரிந்த ஒரு இத்தாலியப் பாட்டை நாங்கள் பிசகில்லாமல் பாடினோம். ஒருவரும் சிரிக்கவில்லை. பங்குச் சுவாமி கைதட்டி "பிராவி, பிராவி" என்றார். கோயில் ஓர்கனே போதும் என்பதால் பெரியப்பா கித்தார் கொண்டுவராமல் பின்வரிசை வாங்கில் இருந்தார். நான் அவரைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தேன். அவரும் சிரித்தார். அவருடைய மானத்தைக் காப்பாற்றிவிட்ட பெருமையில் எனக்குக் கால் தரையில் பாவவில்லை. அதற்குப் பிறகு வந்த வியாழக்கிழமைகளில் அந்தப் பாட்டும் இல்லை, கித்தாரும் இல்லை.

பெரியப்பா இறந்து ஒரு வருடம் கழித்து, அம்மா உடுப்பு மினுக்கிக்கொண்டிருந்தபோது ரேடியோவில் அந்தப் பாட்டுப் போனது. அம்மா அயர்னை நிமிர்த்தி வைத்துவிட்டு முழுவதையும் கேட்டார்.

"எங்களுக்குத் தெரியாதெண்டே நினைச்சனி?" என்றார். "மன்னாரில கலியாண வீடுகளுக்குக் கித்தார் அடிச்சவர் உன்ர பெரியப்பா. இந்தப் பாட்டுக்கு நான் ஆடியிருக்கிறன். அந்த மாமிமார் எல்லாரும் ஆடினவைதான். பிறகு சண்டை வந்திட்டுது. ஒழுங்கைக்கு ஒரு செத்தவீடு. ஆர் ஆடுறது? அதுதான் மாதாவின்ர பேரைப் போட்டு மெதுவாக்கிக் கோயிலுக்குள்ள கொண்டுவந்தவர். அங்கையெண்டால் ஒருத்தரும் நிப்பாட்டமாட்டினம்."

எனக்கு வெட்கமாக இருந்தது. ஆனாலும் கேட்டேன்.

"பெருவிழாவில வெள்ளையள் கண்டுபிடிச்சுச் சிரிச்சிருந்தால்?"

"கண்டுபிடிக்கோணும் எண்டுதானே அவர் பெருவிழாவுக்கு அதை எடுத்தவர்," என்றார் அம்மா. "கடைசிச் சரணத்தை அதின்ர சொந்த வேகத்தில அடிக்கப் போறன், அவையும் எழும்பி ஆடட்டும், நீங்களும் வெட்கப்படாமல் ஆடுங்கோ எண்டு எங்கள் எல்லாருக்கும் சொல்லி வைச்சிருந்தவர். உனக்கு மட்டும்தான் சொல்லயில்லை. சின்னப்பிள்ளை, வெளியில சொல்லிப்போடும் எண்டு."