ஜுருவில் நாலாவது குழி

காலை பத்து மணி. தீவிலுள்ள ஜார்ஜ் டவுனிலிருந்து ஃபெர்ரியில் அக்கரைக்கு வந்து, ஜுருவில் தொழிற்சாலை எழப்போகும் ஒரு மனையில் செய்தி சேகரிக்க நிற்கிறேன். மண்ணுக்கடியில் பழைய தடயம் ஏதும் இருக்கிறதா என்று பார்க்க நான்கு சோதனைக் குழிகள் வெட்டியிருக்கிறார்கள். மூன்றில் ஒன்றுமில்லை. நான்காவதில் நேற்றைய மழை முழங்கால் அளவு நிற்கிறது.

அகழாய்வாளர் கலா அதற்குள் இறங்கி, வாளியால் நீரை இறைக்கிறார். எக்ஸ்கவேட்டர் ஓட்டும் முனியாண்டி மேலே காத்திருக்கிறார். பன்னிரண்டு மணிக்குக் குழிகளை மூடும்படி அவருக்கு உத்தரவு.

"வெறும் சேறுதான் லா, மேடம். விட்டுடுங்க."

"இன்னும் ரெண்டு மணி நேரம் இருக்கு, அண்ணே."

நானும் ஒரு வாளியை வாங்கிக்கொள்கிறேன். இடுப்பு கடுக்கிறது. கலா ஒருமுறைகூட நிமிரவில்லை.

பதினொன்றரைக்குத் தரை தெரிகிறது. கொத்துக்கரண்டியால் அவர் மெல்லச் சுரண்டச் சுரண்ட, மஞ்சள் களிமண்ணில் கரிய வட்டம் ஒன்று தெளிகிறது. ஓரடி தள்ளி இன்னொன்று. பிறகு வரிசையாக ஐந்து. பக்கத்தில் கரியும் பானை ஓடுகளும்.

"தூண் நட்ட இடம், அண்ணே. மரம் மக்கிப்போச்சு, கறை மட்டும் நிக்குது. இது அடுப்பு. பல நூறு வருஷத்துக்கு முன்னாடி யாரோ இங்க சோறாக்கியிருக்காங்க."

முனியாண்டி குந்தி உட்கார்ந்து வெகுநேரம் பார்க்கிறார். பிறகு எழுந்து கைப்பேசியை எடுக்கிறார்.

"பாஸ், நாலாவது குழிய மூட முடியாது. கீழ வீடு இருக்கு."

எதிர்முனையில் கத்துவது எனக்கே கேட்கிறது.

"யார் வீடுன்னு தெரியல பாஸ். ஆனா வீடுதான். நீங்களே வந்து பாருங்க."