தழும்பு இல்லாத முகம்

அட்டன் டவுனில் ஒரு ஸ்டூடியோவில் பல வருடங்கள் வேலை பார்த்தேன். படம் எடுக்க வரும் பெண்களுக்குச் சேலை மடிப்பைச் சரிசெய்யத்தான் முதலாளி என்னைச் சேர்த்துக்கொண்டார். பிறகு நெகடிவில் பென்சில் போடவும், கறுப்பு வெள்ளைப் படத்துக்கு எண்ணெய் வர்ணம் பூசவும் பழகிக்கொண்டேன். கலர் பிலிம் எங்கள் மலைக்கு இன்னும் ஏறிவராத காலம் அது. கன்னத்துச் சிவப்பும் சேலைப் பச்சையும் பஞ்சு சுற்றிய குச்சியால்தான் வந்தாக வேண்டும்.

நெகடிவில் பல் கறுப்பாகவும் கூந்தல் வெள்ளையாகவும் தெரியும். வருகிற பெண்கள் எட்டிப் பார்த்துவிட்டு, பேய் மாதிரி இருக்கிறது என்று முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். எனக்கு அதில் பயம் வந்ததே இல்லை. நான் பயந்தது அழகாக வந்த ஒரு படத்தைப் பார்த்து.

திம்புள்ளப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றிலிருந்து அந்தப் பெண் ஒரு ஞாயிற்றுக்கிழமை தோழியோடு வந்தாள். நல்ல துடிப்பான பெண். பின்னலை அவிழ்த்துத் தோள்மேல் முன்னால் போட்டுக்கொண்டாள். கடையில் இருந்த கல்தோட்டைக் கேட்டு வாங்கி மாட்டினாள்.

"சினிமாக்காரி மாதிரி எடுக்கச் சொல்லுங்கக்கா. மூஞ்சியில உள்ள அம்மைத் தழும்பெல்லாம் தெரியக்கூடாது" என்றாள்.

தழும்பு நெகடிவில் வெளிச்சப் புள்ளியாகத் தெரியும். கூரிய பென்சிலால் அதை நிரப்பினால் படத்தில் காணாமல் போய்விடும். நிரப்பினேன். முகம் வழவழவென்று வந்தது. வந்து வாங்கிப் பார்த்தவள், "இது நானாக்கா?" என்று சிரித்துக்கொண்டே போனாள். ஒரு சிறிய படம், அவ்வளவுதான்.

சில மாதம் கழித்து அவளுடைய அப்பா அந்தப் படத்தோடு வந்தார். தோட்டத்தில் கங்காணி. கோட்டுப் போட்டு, தலைப்பாகை கட்டி, மிடுக்காக நின்றார். படத்தைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டுத் தர வேண்டும் என்றார்.

"கலர் போடணுங்களா?" என்று கேட்டேன்.

"வேணாம். கருமாதிக்கு."

"எப்படிங்க செத்துச்சு?" என்றேன்.

"கந்தப்பளையில ஒரு லொறிக்காரனோட இருக்கா. எங்க ஆளுங்க இல்ல அவன். எங்களுக்கு அவ செத்துட்டா. தலைமுழுகப் போறோம்."

தோட்டத்துச் சனம் குடியிருக்கும் லயங்களில் அப்போது ஒரு வழக்கம் இருந்தது. பெரிதாக்கிய கறுப்பு வெள்ளைப் படம் சுவரில் தொங்கினால் அது போய்ச் சேர்ந்தவர்களுடையது. கண்ணாடிமேல் வைக்கிற குங்குமம் ஒன்றுதான் அதில் நிறம். உயிரோடு இருப்பவர்கள் பெரிய படம் கேட்டால் கட்டாயம் கலர் போடச் சொல்வார்கள். இல்லாவிட்டால் ஆகாதாம். யார் போட்ட சட்டமோ, எங்கள் வியாபாரத்துக்குத் தோதான சட்டம். நானும் அதைச் சொல்லியே பல பேரைக் கலர் போட வைத்திருக்கிறேன்.

அவர் போனதும் முதலாளி தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவினார். "மவுத்தானவங்களுக்கு ஓதுற கத்தத்தப் பெத்த புள்ளைக்கு உசுரோடயே ஓதுறதா?" என்றார். ஆனாலும் இருட்டறைக்குப் போனார். மருந்துத் தண்ணீர்த் தட்டில் அந்த முகம் மெல்ல மேலே வந்தபோது பக்கத்தில் நான் நின்றேன். கண், உதடு, கல்தோடு, வழவழத்த கன்னம். கந்தப்பளையில் அவள் அந்நேரம் சோறு ஆக்கிக்கொண்டிருப்பாள். இங்கே செத்தவளாக எழுந்து வருகிறாள்.

மறுநாள் அவளுடைய அம்மா வந்தாள். மருந்து வாங்கப் போவதாக வீட்டில் பொய் சொல்லிவிட்டு வந்திருக்கிறாள்.

"தங்கச்சி, அந்தப் படத்துக்குக் கலர் போட்டுருங்க. கலர் போட்ட படத்துக்கு மாலை போட எங்க பங்காளிங்களுக்கு மனசு வராது. நான் தலைமுழுகிட்டா அப்புறம் அவ மொகத்த நான் பாக்கவே முடியாது."

முதலாளி ஒத்துக்கொள்ளவில்லை. கங்காணி கேட்டது கங்காணிக்குத்தான், அம்மாவுக்கு வேண்டுமானால் இன்னொன்று அடித்துத் தருகிறேன் என்றார். உலகத்து நியாயமெல்லாம் ஆம்பிளைகள் கேட்டபடிதானே நடக்கும் என்று எனக்கு எரிச்சல் வந்தது. அவளோ அந்தப் படத்தை வாங்கி வெளிச்சத்தில் பிடித்து, வெகுநேரம் பார்த்தாள்.

"இது யாரு?" என்றாள்.

"உங்க மகதாங்க."

"எம்புள்ளைக்குக் கன்னத்துல தழும்பு இருக்கும். அம்மை போட்டப்ப வேப்பிலையால தடவித் தடவி நான்தான் தூங்க வச்சேன். எனக்குத் தெரியாதா?"

அவளை முக்காலியில் உட்கார வைத்து, இன்னொரு பிரதிக்கு அவள் சொல்லச் சொல்ல வர்ணம் போட்டேன். சேலைக்குத் தாமரைப்பூ நிறம். மேனிக்கு மாநிறம், "வெளுப்பாக்கிறாதீங்க" என்றாள். தழும்புகளுக்கு அவள் தன் கன்னத்திலேயே விரலை வைத்து இடம் காட்டினாள். வைக்க வைக்க அந்தப் பெண்ணின் முகம் திரும்பி வந்தது. பூசி முடித்த படம் காயும்வரை கடையிலேயே இருந்தது. கறுப்பு வெள்ளைப் படமும் பக்கத்திலேயே. கலர் படத்தில் இருந்தவள் என்னைப் பார்த்தாள். மற்றவளின் பார்வை எங்கே போகிறதென்றே எனக்குப் பிடிபடவில்லை. அந்தப் பக்கம் முதுகைக் காட்டி உட்காரவே முடியவில்லை.

கங்காணி வந்து தன் படத்தை எடுத்துப்போனார். அதன்பிறகு அவர் மனைவி வந்து கலர் படத்தை வாங்கினாள். வீட்டில் மாட்ட முடியாது, சேலைக்குள் சுற்றித் தகரப்பெட்டியில் வைப்பேன் என்றாள். கருமாதி நடந்துவிட்டதா என்று கேட்டேன்.

"நடந்துச்சு. மாலை போட்டாங்க, எல்லாரும் தலைமுழுகினாங்க. என்னையும் இழுத்தாங்க. இது எம்மக இல்ல, எவளோ ஒருத்திக்கு நான் ஏன் முழுகணும்னு உக்காந்துட்டேன். அடிச்சாரு. எந்திரிக்கல."

அதற்குப் பிறகு எனக்குத் தூக்கம் கெட்டது. மாலை போட்டுக்கொண்டு லயத்துச் சுவரில் தொங்குகிறவள் யார்? அவளுக்குத் தாய் கிடையாது. என் பென்சிலிலிருந்து வந்தவள். பனி இறங்கும் மாலைகளில் கடைக் கண்ணாடிக்கு அப்பால் யார் வந்து நின்றாலும் அந்த வழவழத்த கன்னமாகவே எனக்குத் தெரிந்தது.

அப்படி ஒரு மாலையில்தான் அவளே கதவைத் திறந்துகொண்டு வந்தாள். தலையில் முக்காடு. முதலில் கன்னத்தைப் பார்த்தேன். தழும்பு இருந்தது. அதன்பிறகுதான் எனக்கு மூச்சே வந்தது.

"எனக்குக் கருமாதி பண்ணிட்டாங்களாமே. இங்கதான் படம் செஞ்சாங்களா?" என்றாள். சண்டைக்கு வந்தவள் மாதிரி இல்லை.

நான் ஒன்றையும் மறைக்கவில்லை. அவளுடைய அம்மா வந்ததையும், வர்ணம் சொன்னதையும், அடிவாங்கியும் எழுந்திருக்காததையும் சொன்னேன்.

"அம்மா குளிக்கலையா?"

"இல்ல."

"நெசமாவா? முழுகவே இல்லையா?"

"இல்ல தங்கச்சி. உங்கம்மாவே சொன்னாங்க."

அவள் முக்காலியில் உட்கார்ந்து, முக்காட்டால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்.

"அப்ப பிரசவத்துக்கு அம்மாவக் கூப்பிடலாமாக்கா?"