பச்சை அறையில் செய்த பல்

அவர் முகம் யாருக்கும் தெரியாது. ஆனால் அவர் செய்த பல்லை வைத்துக்கொண்டுதான் ஊரில் பலர் சிரிக்கிறார்கள். பல் டாக்டர் அளவெடுத்து, என்ன நிறம் என்று எழுதி அனுப்பினால், பீங்கான் பொடியைக் குழைத்துச் சுட்டு, அந்த நிறத்துக்குப் பல் செய்து தருவது அவர் வேலை. லேபில் எல்லோருக்கும் அவர் பல்லண்ணன். பத்தொன்பது வருடத்தில் நிறம் தப்பியதில்லை.

இந்த மாதம் மட்டும் நான்கு பல் திரும்பி வந்துவிட்டன. நான்குக்கும் ஒரே புகார்: ரோஸ் அடிக்கிறது.

லேப் முதலாளி வேறு யாருமில்லை, மனைவியின் தம்பி.

“கண்ணைக் காட்டிட்டு வாங்க அத்தான். வயசாச்சுல்ல.”

காட்டிவிட்டு வந்தார். ஒரு குறையும் இல்லை என்று கண் டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டை, மச்சினன் நாலாய் மடித்து, ஆடுகிற மேசைக்காலுக்கு அடியில் செருகினான். “இன்னொண்ணு திரும்பி வந்துச்சுன்னா, நீங்க அச்சு ரூமுக்குப் போயிடுங்க.”

அச்சு ரூம் என்றால் பல் அச்சு வார்க்க வாளியில் ஜிப்சம் மாவு கரைக்கிற வேலை. நேற்று சேர்ந்தவன் செய்கிற வேலை.

ஐந்தாவது பல் ஒரு டீச்சருக்கு. முன்பல் வேறு. செய்து முடித்து, டாக்டர் சொன்ன நிறத்து மாதிரிப் பல்லோடு சேர்த்துப் பிடித்துப் பார்த்தார். இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இருந்தன. இதில் என்ன குறை கண்டார்கள் என்ற எரிச்சலில், இரண்டையும் பிடித்தபடியே மாடிப்படிக்கு வந்தார். படி ஜன்னல் வெளிச்சத்தில் மாதிரிப் பல் அப்படியே இருக்க, அவர் செய்தது ஈறுக்குச் சொந்தக்காரன் மாதிரி சிவந்து நின்றது. உள்ளே போனார், ஒன்றுபோல. வெளியே வந்தார், வேறு வேறு. ஆறு நடை நடந்தபிறகுதான் அறையை நிமிர்ந்து பார்த்தார்.

கண்ணுக்குக் குளிர்ச்சி என்று போன மாதம் மச்சினன் சுவர் முழுக்கப் பச்சை அடித்து, ஜன்னலுக்கும் பச்சைத் திரை தொங்கவிட்டிருந்தான்.

அவனைப் படிக்கு இழுத்து வந்து காட்டினார். “பொடி, மேல விழற வெளிச்சத்துல கொஞ்சத்தை முழுங்கிட்டு மிச்சத்தைத் துப்புது. அதைத்தான் நாம நிறம்னு சொல்றோம். உன் ரூம் வெளிச்சத்துல சிவப்பே கம்மி. இல்லாததை எப்படித் துப்பும்? மாதிரிப் பல்லு ஒரு கம்பெனிப் பொடி, நம்மது வேற, சிவப்பை அதிகமாத் துப்பும். அங்க ரெண்டும் ஒண்ணாத்தான் தெரியும்.”

“உள்ள வெள்ளைப் பேப்பர் எனக்கு வெள்ளையாத்தானே தெரியுது?”

“பத்து நிமிஷம் உக்காந்தா கண்ணு பழகிடும். அதான் தொல்லையே.”

“வெயில்ல பார்த்தா எல்லாம் வேறதான் அத்தான்.”

“அப்ப டீச்சருக்கு, வெயில்ல வாயைத் திறக்காதீங்கன்னு எழுதி அனுப்பவா?”

அவன் தலையைச் சொறிந்தான். பெயிண்ட்டை மாற்றும் பேச்சை மட்டும் எடுக்கவில்லை. வீட்டில் மனைவியோ, “அவன் ஆசையா நின்னு அடிச்ச பெயிண்ட்டு. அதுலயும் உங்களுக்குக் குத்தம்” என்றாள்.

மறுநாள் முக்காலியைத் தூக்கிப் படித் திருப்பத்தில் போட்டு, டீச்சர் பல்லை மறுபடி செய்தார். அது போனது போனதுதான், திரும்பி வரவில்லை.

பல்லண்ணனுக்கு இப்போது ஐம்பத்து மூன்று வயது. அதே லேபில், அதே வேலையில் இருக்கிறார். ஏறி இறங்குகிறவர்களுக்குக் காலை மடக்கி வழிவிட்டுக்கொண்டு, மாடிப்படியில் உட்கார்ந்து நிறம் பார்க்கிறார். அறை இன்னும் பச்சைதான்.